மெதுவானவர் யார்? விளையாட்டுக் கணினிக்குப் பாகம் தேர்ந்தெடுக்கும் கணக்கு

ஒரே 4,000 ரிங்கிட். இரண்டு மாணவர்கள் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் விளையாட்டுக் கணினிக்குப் பாகம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் கணினியில் விளையாட்டு நொடிக்கு 71 படம் ஓடுகிறது. இரண்டாமவருடையதில் 111. முதலாமவரைக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. சொல்லப்போனால், அவர் வாங்கிய செயலிதான் விலை அதிகம், வேகமும் அதிகம். அப்படியிருந்தும் ஏன் 40 படம் குறைந்தது?

மாணவர்களே, எஸ்பிஎம் முடிந்ததும் சேமித்து வைத்த அங்பாவ் பணத்தையும் அப்பா கொடுப்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். வகுத்தல் தெரிந்தால் போதும்.

கோலாலம்பூரில் கணினிப் பாகம் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசா. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் மோனோரயில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கலாம். கிள்ளானிலிருந்து வருபவர்கள் கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து, நு சென்ட்ரல் வழியாக நடந்து அதே மோனோரயிலைப் பிடிக்கலாம். அங்கே எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு விலைச்சீட்டு எழுதித் தருவார்கள். முதல் வரியில் செயலி இருக்கும். பிறகு மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேசிங். திரை கடைசியில் இருக்கும், அல்லது சீட்டிலேயே இருக்காது. நாம் அந்தச் சீட்டைத் தலைகீழாகப் படிக்கப் போகிறோம்.

திரையிலிருந்து தொடங்குவோம்

விளையாட்டில் நாம் பார்ப்பது அசையும் உருவமல்ல. அடுத்தடுத்து வரும் அசையாப் படங்கள். ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பார்கள். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. 1000 மில்லி நொடியை 60ஆல் வகுத்தால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் அது 6.9 மில்லி நொடியாகச் சுருங்குகிறது.

அடுத்தது புள்ளிகளின் எண்ணிக்கை. 1080 என்று சொல்லப்படும் திரையில் 1920 × 1080, அதாவது ஏறக்குறைய 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். 1440 திரையில் 2560 × 1440, சுமார் 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே திரையில் 1080 திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிட வேண்டும், அதுவும் ஒவ்வொரு பிரேமுக்கும். ஆகவே எந்தத் திரை என்று முடிவு செய்யாமல் மற்றப் பாகங்களை வாங்குவது, எத்தனை பேருக்குச் சமையல் என்று தெரியாமல் அரிசி களைவது போலத்தான். கணினிப் பெட்டிக்கு மட்டும் 4,000 ரிங்கிட் ஒதுக்குபவருக்கு 1080 அளவில் 144 ஹெர்ட்ஸ் திரை பொருத்தமானது என்பது என் கருத்து. வீட்டில் பழைய 60 ஹெர்ட்ஸ் திரைதான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், நொடிக்கு 111 படம் தரும் கணினி வாங்கினாலும் கண்ணுக்கு முழுதாக வந்து சேர்வது 60தான்.

ஆர்டர் எடுப்பவரும் சமைப்பவரும்

ஒரு பிரேம் உருவாக இருவர் உழைக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் மதிய நேரத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேசை மேசையாகப் போய் ஆர்டர் எடுக்கிறார். உள்ளே ஒருவர் சமைக்கிறார். கணினியில் ஆர்டர் எடுப்பவர் செயலி: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தத் திசையில் போகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் கணக்கிட்டு, 'இதை வரை' என்று கட்டளை அனுப்புகிறது. சமைப்பவர் கிராபிக்ஸ் கார்டு: கட்டளையை வாங்கி 20 லட்சம் புள்ளிகளுக்கும் நிறம் பூசுகிறது. ஒருவர் இந்த பிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே மற்றவர் அடுத்த பிரேமுக்கான கட்டளையைத் தயார் செய்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், இருவரில் மெதுவானவர்தான் கடையின் வேகத்தைத் தீர்மானிக்கிறார்.

முதல் மாணவரின் செயலி ஒரு பிரேமுக்கு 4 மில்லி நொடி எடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு 14 மில்லி நொடி. மெதுவானவர் 14. 1000ஐ 14ஆல் வகுத்தால் 71. இரண்டாவது மாணவர் சற்று மலிவான செயலி வாங்கினார், 6 மில்லி நொடி. மிச்சப்பட்ட பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டார், 9 மில்லி நொடி. 1000ஐ 9ஆல் வகுத்தால் 111. முதல் மாணவரின் செயலி ஒவ்வொரு பிரேமிலும் 10 மில்லி நொடி கைகட்டி நிற்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கொடுத்திருக்கிறார்.

இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உண்மையில் அவை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். வேலோரண்ட் போன்ற போட்டி விளையாட்டுகளில் படம் எளிமையானது. கிராபிக்ஸ் கார்டு சட்டென்று முடித்துவிட்டுக் காத்திருக்கும், செயலிதான் மெதுவானவர். சைபர்பங்க் 2077 போன்றவற்றில் ஒளியும் நிழலும் மழைநீரில் தெரியும் பிம்பமும் கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுத்துவிடும். ஆகவே கடைக்காரர் 'என்ன பட்ஜெட்?' என்று கேட்கும் முன், எந்த விளையாட்டுக்காக வாங்குகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெதுவானவர் யார் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. வீட்டில் பழைய கணினி இருந்தால் இன்றே செய்து பார்க்கலாம். விளையாட்டின் அமைப்பில் திரை அளவை மட்டும் குறையுங்கள், 1080இலிருந்து 720க்கு. மற்ற எதையும் தொடாதீர்கள். அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவோம் அல்லவா, அதே முறை. பிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. அப்படியே நின்றால் செயலி. ஏனென்றால் புள்ளிகள் குறைந்தால் சமைப்பவரின் வேலை குறையும், ஆர்டர் எடுப்பவரின் வேலை குறையாது. புதுக் கணினியே தேவையில்லை, ஒரு பாகம் மாற்றினால் போதும் என்று இந்தச் சோதனையிலேயே சிலருக்குத் தெரிந்துவிடலாம்.

பணத்தைப் பிரிப்பது

பொதுவாகப் படக்காட்சி நிறைந்த விளையாட்டுகளுக்கு, கணினிப் பெட்டிக்கான 4,000 ரிங்கிட்டில் 1,500 வரை கிராபிக்ஸ் கார்டுக்குப் போவது நியாயம். செயலிக்கு அதில் பாதி போதும். மிச்சம் மற்ற ஐந்து பாகங்களுக்கு. இது விலைப்பட்டியல் அல்ல, பங்கீடு. விலை மாதத்துக்கு மாதம் மாறும். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததால் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதே, அப்படி ஒரு மாதத்தில் பங்கீடும் மாறத்தான் வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டில் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்து. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்ற கார்டு 2025இல் வந்தது. அதே பெயரில் 8 ஜிபி நினைவகத்தோடும் உண்டு, 16 ஜிபி நினைவகத்தோடும் உண்டு. இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை எடுத்துக்கொள்வோம். அது தன் சொந்த 8 ஜிபி நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் தரவை எடுக்கிறது. அந்த 8 ஜிபி நிரம்பிவிட்டால், மீதியை மதர்போர்டின் வழியாகக் கணினியின் ரேமிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பாதையின் வேகம் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. 272ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள்: 17 மடங்கு மெதுவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு திடீரென்று திக்கித் திக்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சராசரி எஃப்பிஎஸ் எண்ணில் இந்தத் திக்கல் சரியாகத் தெரியாது, விளையாடுபவருக்குத் தெரியும். நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிற கார்டு என்றால் 8 ஜிபிக்கு மேல் உள்ளதைத் தேடுவது நல்லது.

செயலியில் ஆறு கோர் உள்ளவை நடுத்தரப் பணத்துக்குப் போதுமானவை. ரைசன் 5 7600, இன்டெல் கோர் ஐ5 12400எஃப் போன்றவை இந்த வகை. இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் செயலிக்குள் படம் காட்டும் பகுதி கிடையாது என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு பழுதானால் திரையில் ஒன்றும் தெரியாது. கூடவே கவனிக்க வேண்டியது, செயலி உட்காரும் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 7000 வரிசை, 2024இல் வந்த 9000 வரிசை இரண்டும் அதில் பொருந்தும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700, 12 முதல் 14ஆம் தலைமுறை வரை ஏற்றது. 2024இல் வந்த அடுத்த வரிசைக்குச் சாக்கெட்டே மாறிவிட்டது. மூன்று ஆண்டு கழித்துச் செயலியை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு இது முக்கியம். மாற்றவே மாட்டேன் என்பவர் மலிவாகக் கிடைக்கும் பழைய சாக்கெட்டை வாங்கினாலும் தவறில்லை.

செயலியைக் கையில் எடுத்தால் அதன் உலோக மூடியில் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பழைய இன்டெல் செயலிகள் பலவற்றில் 'மலாய்' என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பொறித்திருக்கும். நம் நாட்டுப் பெயரின் சுருக்கம்தான் அது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில் திறந்தது. ஏஎம்டியும் அதே காலத்தில் அங்கே வந்தது. ஏஎம்டி செயலிகள் சிலவற்றில் சிலிக்கன் தைவானில் உருவாக்கப்பட்டது, செயலி மலேசியாவில் தயாரானது என்று இரண்டு நாட்டுப் பெயரும் இருக்கும். சிலிக்கன் துண்டில் சுற்றுகளைப் பதிப்பது ஓரிடம். அதை வெட்டி, அடித்தட்டில் பொருத்தி, மூடி போட்டு, சோதித்துப் பார்ப்பது இன்னோரிடம். அந்த இரண்டாவது வேலையில் பினாங்கு அரை நூற்றாண்டாகக் கைதேர்ந்த ஊர்.

ரேமில் ஒரு கணக்கு மட்டும். 16 ஜிபி ஒரே பட்டையாகவும் கிடைக்கும், 8 ஜிபி இரண்டாகவும் கிடைக்கும். இரண்டாகவே வாங்குங்கள். டிடிஆர்4 3200 வகையில் ஒரு பட்டைப் பாதை நொடிக்கு 25.6 ஜிபி தருகிறது. இரண்டு பட்டைகளைச் சரியான துளைகளில் செருகினால் 51.2. பணம் ஏறக்குறைய ஒன்றுதான், பாதை இரு மடங்கு.

சேமிப்புக்கு எஸ்எஸ்டி, 1 டிபி. அதில் விவாதமே வேண்டாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. தேவையான தரவு ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. நம் பெட்டாலிங் ஜெயாவிலேயே வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பல ஆண்டுகள் ஹார்ட் டிஸ்க் தயாரித்து வந்தது. அந்த ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018இல் அறிவித்தபோது, பினாங்கில் எஸ்எஸ்டி தயாரிப்பை விரிவாக்குவதாகவும் சொன்னது. இந்த மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்று அதிலேயே தெரிந்தது.

யாரும் பார்க்காத பெட்டி

சீட்டில் கடைசி வரிகளில் வருவது பவர் சப்ளை. பணம் பற்றாக்குறையானால் எல்லாரும் கை வைப்பது இதில்தான். ஆனால் மற்ற எல்லாப் பாகமும் இதை நம்பித்தான் இருக்கிறது. இது கெட்டால் தனியாகக் கெடாமல், கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

முதலில் எவ்வளவு சக்தி தேவை என்று கூட்டிப் பார்ப்போம். 65 வாட் என்று குறிக்கப்பட்ட ரைசன் 5 7600 உச்ச வேலையில் 88 வாட் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, காற்றாடிகள் எல்லாம் சேர்த்து 60 என்று வையுங்கள். மொத்தம் 293. நொடிப்பொழுதில் எகிறும் தேவைக்கும் பின்னாளில் பாகம் மாற்றுவதற்கும் இடம் விட்டால் 550 வாட் தாராளம். 850 வாட் வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். படிவம் 5 இயற்பியலில் வரும் P = VI இங்கே கைகொடுக்கும். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் சக்தி எடுப்பது 12 வோல்ட் வரிசையிலிருந்து. ஒரு பெட்டியில் பெரிதாக '500 வாட்' என்று எழுதியிருக்கிறது. அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 25 ஆம்பியர் என்று இருக்கிறது. 12 × 25 = 300 வாட். மீதி 200 வாட் நமக்கு அதிகம் பயன்படாத வரிசைகளில் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது. நல்ல 550 வாட் பெட்டியில் 12 வோல்ட் வரிசை மட்டுமே 45 ஆம்பியருக்கு அருகில் தரும். கேசிங்கோடு இலவசமாக வரும் பெட்டிகளில் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். பின்புறம் 115, 230 என்று சிவப்பு நிறத்தில் ஒரு தள்ளுவிசை இருந்தால் அது 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் வீட்டுச் சுவரில் செருகினால் பட்டென்று வெடித்துப் புகை வரும்.

எக்காரணம் கொண்டும் பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் உச்ச மதிப்பு, 230ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால், 325 வோல்ட். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி அந்த அளவுக்கோ அதற்கு மேலோ மின்னேற்றம் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உடனே போய்விடாது. உயிருக்கு ஆபத்து.

நம் ஊர் வெயில்

வெளிநாட்டு விமர்சனக் காணொலிகளில் செயலி 70 டிகிரியில் ஓடுவதாகச் சொல்வார்கள். அந்த அறை 21 டிகிரி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றாடியால் பாகத்தைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக்க முடியாது. அறைக்கும் பாகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அது குறைக்கும். அதே செயலி, அதே வேலை, கிள்ளானில் குளிர்சாதனம் இல்லாத மாடி அறையில், 32 டிகிரி மதியத்தில் 81க்குப் போகும். கேசிங்குக்குள் காற்று அடைபட்டால் இன்னும் ஏறும். சூடு எல்லையைத் தொட்டால் பாகங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் அப்படியே கரைந்துபோகும்.

அதனால் முன்பக்கம் கண்ணாடி மூடிய கேசிங்கைவிட வலைக்கண் உள்ளதே நமக்கு ஏற்றது. முன்னால் இரண்டு காற்றாடி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. வண்ண விளக்கு எரிந்தால் பிரேம் கூடும் என்று எந்த இயற்பியல் நூலிலும் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு காற்றாடி வாங்கலாம். 300 வாட் எடுக்கும் கணினி அத்தனையையும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் விடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடுவது சுமார் 100 வாட். சிறிய அறையில் உங்களோடு இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 18 யூனிட் மின்சாரம். வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து எவ்வளவு கூடும் என்று பெருக்கி, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமின்னலுக்குப் பஞ்சமில்லை. மாலையில் வானம் கறுத்தால் கணினியை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இணையக் கேபிளையும் கழற்றுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் ரவுட்டர் சுவர் மின்சாரத்தில் இருக்கிறது. அதிலிருந்து கணினிக்கு வருவது செம்புக் கம்பி.

கடையில் நிற்கும்போது

ஒரே பாகப் பட்டியலை மூன்று கடைகளில் கொடுத்து விலைச்சீட்டு வாங்குங்கள். 'பவர் சப்ளை 550 வாட்' என்று மட்டும் எழுதித் தந்தால் நிறுவனப் பெயரும் மாடல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் கடையில் கொடுப்பதா விநியோகிப்பாளரிடம் கொடுப்பதா என்று கேளுங்கள். ரசீதையும் பெட்டிகளையும் எறிந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே விசாரிக்கிறது. ரசீது இல்லாமல் அங்கே போனால் பேச்சு எடுபடுவது கடினம்.

கடையிலேயே பொருத்தித் தரச் சொன்னால், கிளம்பும் முன் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ரேம் பட்டைகள் நான்கு துளைகளில் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். டிடிஆர்5 6000 என்று வாங்கிய ரேம், பயாஸ் அமைப்பில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்பதை இயக்காவிட்டால் பெரும்பாலும் 4800இலேயே ஓடும். நீங்களே பொருத்துவதாக இருந்தால் செயலிக் குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து இணைக்கும்போது திரையின் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் உள்ள துளையும் அச்சு அசலாக அதே போல இருக்கும், அருகிலேயே இருக்கும். அங்கே செருகினால் ரைசன் 5 7600 போன்ற செயலியில் அதற்குள் உள்ள சின்னப் படப்பகுதி வேலையை எடுத்துக்கொள்ளும். 1,500 ரிங்கிட் கார்டு பக்கத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு விண்டோஸ் திரை அமைப்புக்குப் போய்ப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையைப் பல நேரங்களில் அது 60இலேயே விட்டுவைத்திருக்கும். நீங்கள்தான் 144க்கு மாற்ற வேண்டும்.